ஒரு ராத்திரி ஷிப்டுக்கு எவ்வளவு? இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளும் லோக்கம் டாக்டர்களும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. இங்கிலாந்தில் ஏதோ ஒரு நடுத்தர ஊரின் அரசு மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலைக்கு வரவேண்டிய ரெஜிஸ்ட்ரார் போன் செய்கிறார். வாந்தி, பேதி, வர முடியாது. மருத்துவர்களின் பணி அட்டவணையை அங்கே ரோட்டா என்பார்கள். அந்த ரோட்டாவைப் பார்த்துக்கொள்ளும் அலுவலருக்கு இனி ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது.

ரெஜிஸ்ட்ரார் என்பவர், கன்சல்டன்ட் எனப்படும் மூத்த நிபுணருக்கு ஒரு படி கீழே இருக்கும் மருத்துவர். ராத்திரியில் கன்சல்டன்ட் பெரும்பாலும் வீட்டில் இருப்பார், தேவையென்றால் போனில் கூப்பிடலாம். கட்டடத்துக்குள் பொது மருத்துவப் பிரிவில் இருப்பவர்களில் மூத்தவர் இந்த ரெஜிஸ்ட்ரார்தான். நெஞ்சுவலியோடு வருகிறவரைப் பார்ப்பதும், மூன்றாவது மாடி வார்டில் திடீரென்று இதயம் நின்றவரிடம் ஓடுவதும், முதல் வருட டாக்டர் பயந்துபோய்க் கூப்பிட்டால் போய் நிற்பதும் அவர்தான். அந்த நாற்காலியைக் காலியாக விட முடியாது. கடையில் ஆள் வரவில்லையென்றால் ஷட்டரை இறக்கிவிடலாம். எமர்ஜென்சிக்கு ஷட்டர் கிடையாது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் தற்காலிக டாக்டர்களுக்குக் கொட்டும் பணத்தைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் இந்த ஒரு நாற்காலியிலிருந்தே புரிந்துகொள்ளலாம். வாங்கியே தீரவேண்டியவனுக்குப் பேரம் பேச வழியில்லை. மீதியெல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

லோக்கம் என்றால்

தற்காலிக டாக்டரை அங்கே லோக்கம் என்கிறார்கள். இன்னொருவரின் இடத்தைப் பிடித்துவைத்திருப்பவர் என்று பொருள்படும் ஒரு லத்தீன் தொடரின் முதல் பாதி அது. நம் ஊரில் இதற்கு அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஆக்டிங் டிரைவர். சொந்தக் கார் இருக்கிறது, டிரைவர் ஊருக்குப் போய்விட்டார், நாளைக்குத் திருப்பதி போயாக வேண்டும். தெரிந்தவரிடம் சொல்லி ஒரு ஆளைப் பிடிக்கிறோம். முகூர்த்த நாளில் கேட்டால் பேட்டா இரண்டு மடங்கு. லோக்கம் சந்தையின் பாதி விதிகள் இந்த வரிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

மீதிப் பாதி அடங்காது. ஆக்டிங் டிரைவருக்குச் சாவியைக் கொடுத்தால் போதும். லோக்கம் டாக்டர் வந்து இறங்கும்போது அவருக்கு அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு வேண்டும், இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு பேஜர் வேண்டும், ரத்தம் வேண்டுமென்றால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும், உயிர்காக்கும் தள்ளுவண்டி எந்த மூலையில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு இதைச் சொல்லித்தரப் பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு குழப்பம் வரலாம், அதை இப்போதே தீர்த்துவிடலாம். நம் அரசு மருத்துவமனைகளில் தற்காலிகப் பணி என்றால் தொகுப்பூதியம். நிரந்தரப் பணியாளரைவிடக் குறைந்த சம்பளம், என்றைக்கு நிரந்தரமாக்குவார்கள் என்ற காத்திருப்பு, அவ்வப்போது அதற்கான போராட்டம். இங்கிலாந்தின் லோக்கம் கதை அப்படியே தலைகீழ். அங்கே தற்காலிகமாக வருபவருக்குத்தான் மணிக்கூலி அதிகம். பலர் நிரந்தர வேலை கொடுத்தால்கூட வேண்டாம் என்கிறார்கள். ஆள் எந்தப் பக்கம் அதிகம், வேலை எந்தப் பக்கம் அதிகம் என்பதுதான் வித்தியாசம்.

நாற்காலி ஏன் காலியாகிறது

வாந்தி பேதி ஒரு காரணம்தான், அதுவும் சின்னக் காரணம். பிரசவ விடுப்பு, நீண்ட நோய், ராஜினாமா செய்து ஆஸ்திரேலியா போனவரின் இடம், பகுதிநேரமாக வேலை பார்ப்பவரின் மீதி நாட்கள், மூன்று முறை விளம்பரம் கொடுத்தும் யாரும் விண்ணப்பிக்காத கன்சல்டன்ட் பதவி என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை திடீரென்று வருவதில்லை. மாதக்கணக்கில் முன்பே தெரிந்தவை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்கள் இந்த ஓட்டைகளைப் பெரிதாக்கின. ஒன்று, வேலை நேரம். அந்தக் காலத்தில் வாரத்துக்கு 80, 90 மணி நேரம் உழைத்த கதைகளை மூத்த டாக்டர்கள் இன்றும் சொல்வார்கள், கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேரச் சட்டம் பயிற்சி டாக்டர்களுக்கும் வந்தது: 2004-ல் வாரம் சராசரியாக 58 மணி நேரம், 2007-ல் 56, 2009 ஆகஸ்டில் 48. தூக்கக் கலக்கத்தில் ஊசி போடும் டாக்டரிடம் யார் படுக்க விரும்புவார்கள்? நல்ல சட்டம்தான். ஆனால் நான்கு பேர் சுற்றிச் சுற்றிப் பார்த்த ராத்திரி வேலைக்கு இப்போது ஏழெட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். அத்தனை பேர் உடனே வந்துவிடவில்லை.

இன்னொன்று, இடமாற்றம். பயிற்சியிலிருக்கும் டாக்டர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு துறைக்கோ வேறு மருத்துவமனைக்கோ மாறுவார்கள். ஆண்டின் பெரிய மாற்றம் ஆகஸ்ட் மாதத்தின் முதல் புதன்கிழமை. அன்றைக்கு நாடு முழுவதும் ஒரே நாளில் பல்லாயிரம் பேர் இடம் மாறுகிறார்கள். யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது பயிற்சியை நடத்தும் அமைப்பு, மருத்துவமனை அல்ல. எட்டுப் பேருக்கான ரோட்டா போட்டுவைத்திருக்கும் மருத்துவமனைக்கு ஆறு பேர்தான் வருகிறார்கள் என்ற செய்தி சில வாரங்களுக்கு முன்புதான் தெரியவரும். ரோட்டாவில் காலியான அந்த இரண்டு இடங்களுக்கும் அடுத்த சில மாதங்கள் லோக்கம்தான்.

ஊரும் ஒரு காரணம். லண்டனில் பெரிய போதனா மருத்துவமனைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கடலோரத்திலோ எல்லையிலோ இருக்கும் சின்ன ஊர் மருத்துவமனைக்கு யாரும் குடும்பத்தோடு போய்க் குடியேற விரும்புவதில்லை. நம் ஊரில் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆள் கிடைக்காத அதே கதை. ஏற்கெனவே கைச்சுருக்கமாக இருக்கும் மருத்துவமனைதான் லோக்கமுக்கு அதிகம் செலவழிக்கிறது.

மூன்று கதவுகள்

சரி, வெள்ளிக்கிழமை மாலைக்கு வருவோம். ரோட்டா அலுவலர் தட்டக்கூடிய கதவுகள் மூன்று.

முதல் கதவு, உள்ளேயே இருப்பவர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போகும்: இன்று ராத்திரி யாராவது வர முடியுமா? இன்று பகல் முழுக்க வேலை பார்த்தவர் வரக்கூடாது, நாளைக் காலை வேலைக்கு வருபவர் வரக்கூடாது. மிஞ்சும் இரண்டு மூன்று பேரில் ஒருவர் மனமிரங்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்டாஃப் பேங்க். பேங்க் என்றதும் பணம் போடும் இடத்தை நினைக்க வேண்டாம், பிளட் பேங்க் மாதிரி. கூடுதல் ஷிப்டுக்கு வரத் தயாராக இருப்பவர்களின் பட்டியலை மருத்துவமனையே வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அங்கேயே வேலை பார்ப்பவர்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்காரர்கள். பணம் நேராக மருத்துவமனையின் சம்பளப் பட்டியல் வழியாகவே போகும். இந்தப் பேங்குகளை நடத்திக்கொடுக்க அரசுக்குச் சொந்தமாகவே என்.எச்.எஸ். புரொஃபஷனல்ஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது (என்.எச்.எஸ். என்பது அங்கே அரசு நடத்தும் மருத்துவ சேவையின் பெயர்). அதன் பெரும்பங்கைத் தனியாருக்கு விற்க அரசு முயன்று, 2017 செப்டம்பரில் அந்த யோசனையைக் கைவிட்டது. நல்லவேளை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது கதவு, ஏஜென்சி. தனியார் நிறுவனம். அதனிடம் டாக்டர்களின் பட்டியல் இருக்கும். அது ஆளை அனுப்பும், பில்லும் அனுப்பும். மாலை ஆறு மணிக்கு மேல் திறந்திருப்பது பெரும்பாலும் இந்தக் கதவுதான், விலை அதிகமும் இங்கேதான்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று கதவுக்குப் பின்னாலும் சில சமயம் ஒரே ஆள்தான் நிற்பார். இங்கே வேலையை விட்டவர், மூன்று மாதம் கழித்து ஏஜென்சி வழியாக அதே வார்டுக்கு இரட்டைக் கூலியில் வந்து நிற்பது அங்கே பழைய நகைச்சுவை. 2024 நவம்பரில் சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் இதைக் குறிவைத்தே ஒரு யோசனையை முன்வைத்தார்: ராஜினாமா செய்தவர்கள் உடனே ஏஜென்சி வழியாகத் திரும்பி வருவதைத் தடுப்போம் என்று.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று கணக்குப் போடலாம். தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

2025-26 சம்பள அட்டவணைப்படி, இங்கிலாந்தில் முதல் ஆண்டு டாக்டரின் அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 38,831 பவுண்டு. நம் வாந்தி பேதி ரெஜிஸ்ட்ரார் பயிற்சியின் நடுக்கட்டத்தில் இருந்தால் 65,048 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் என்று வகுத்தால் அவருக்கு மணிக்கு 31 பவுண்டு சொச்சம். ராத்திரி வேலைக்கு 37 சதவீதம் கூடுதல். ஆக மணிக்கு சுமார் 43 பவுண்டு.

இனி ஒரு கற்பனை பில். எண்கள் என்னுடையவை, கணக்குப் போடும் முறை மட்டும் நிஜம். அவருக்குப் பதில் வரும் லோக்கம், விடுப்புக்கான பணத்தையும் சேர்த்து மணிக்கு 70 பவுண்டு கேட்கிறார். முதலாளி கட்டவேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகை இப்போது 15 சதவீதம், அதற்கு ஒரு 10 பவுண்டு வைப்போம். ஏஜென்சியின் கமிஷன் 6 பவுண்டு. மொத்தம் 86. அதன் தலையில் 20 சதவீதம் வாட் வரி, 17 பவுண்டு சொச்சம். மருத்துவமனைக்கு வரும் பில் மணிக்கு 103 பவுண்டு. 12 மணி நேர ஷிப்டுக்கு ஏறக்குறைய 1,240 பவுண்டு.

பத்திரிகையில் இது எப்படி வரும்? ஒரு ராத்திரிக்கு 1,240 பவுண்டு வாங்கிய டாக்டர் என்று வரும். அவர் கைக்குப் போனது 840, அதிலும் வருமான வரி போக மீதி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 43-ஐயும் 103-ஐயும் பக்கத்தில் வைத்து இரண்டரை மடங்கு என்பதும் சரியில்லை. நிரந்தர டாக்டருக்காக ஓய்வூதியத்துக்கு முதலாளி தரப்பில் 23.7 சதவீதம் போகிறது, அதில் ஒரு பகுதியை மட்டுமே மருத்துவமனை நேரடியாகக் கட்டுகிறது. சம்பளத்தோடு விடுப்பு தருகிறது, படிப்பு விடுப்பு தருகிறது, நோயில் படுத்தால் சம்பளம் தருகிறது. லோக்கமுக்கு இந்தச் சலுகைகளில் பெரும்பாலானவை கிடையாது. வேலை செய்த மணிக்கு மட்டும் காசு. எல்லாவற்றையும் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். ஆனாலும் மறைந்துவிடாது.

அந்த வாட் வரிக்குள் ஒரு சின்ன விளையாட்டு நடக்கிறது. டாக்டரை ஏஜென்சி அனுப்பினால் மொத்தத் தொகைக்கும் வாட். அதே டாக்டரை மருத்துவமனையே நேரடியாக ஒப்பந்தம் செய்து சம்பளம் கொடுத்துவிட்டு, ஆளை அறிமுகம் செய்ததற்கு மட்டும் ஏஜென்சிக்குக் கமிஷன் கொடுத்தால், வாட் அந்தக் கமிஷனுக்கு மட்டும்தான். நம் கணக்கில் 17 பவுண்டு ஒரு பவுண்டு சொச்சமாகிவிடும். ஷிப்டுக்குக் கிட்டத்தட்ட 190 பவுண்டு மிச்சம். இதற்கு நேரடி ஒப்பந்த முறை என்று பெயர், ஏராளமான மருத்துவமனைகள் இதைச் செய்கின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள், வாட் போவது கஜானாவுக்கு, மருத்துவமனைக்குப் பணம் வருவதும் கஜானாவிலிருந்து. அரசு தன் வலது சட்டைப்பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுக்கொண்டதை மிச்சம் என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டை நடத்திக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு இடையில் ஒரு பங்கும் கிடைக்கிறது.

வேலிகள்

2015-16-ல் என்.எச்.எஸ். மருத்துவமனைகள் ஏஜென்சி ஊழியர்களுக்குச் செலவழித்தது சுமார் 360 கோடி பவுண்டு. டாக்டர், நர்ஸ் என்று எல்லாரையும் சேர்த்த கணக்கு இது. டாக்டர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. அதே ஆண்டு மருத்துவமனைகளின் மொத்தப் பற்றாக்குறை சுமார் 245 கோடி பவுண்டு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அரசுக்கு ஏஜென்சிதான் கண்ணில் பட்டது.

2015 நவம்பர் 23 முதல் விலை உச்சவரம்பு வந்தது. படிப்படியாக இறக்கி, 2016 ஏப்ரலில் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள்: நிரந்தர ஊழியரின் அடிப்படை மணிக்கூலிக்கு மேல் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியம், ஏஜென்சி கமிஷன் எல்லாம் அந்த 55-க்குள் அடங்கினால், லோக்கமின் கைக்கு நிரந்தர டாக்டருக்குப் போவதுதான் போகும் என்பது கணக்கு.

ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் உச்சவரம்பைத் தாண்டலாம். தீயணைப்பு மணியின் கண்ணாடியை உடைப்பதைப் போல என்பதால் அதற்கு பிரேக் கிளாஸ் என்று பெயர். நம் ரயிலின் அபாயச் சங்கிலிதான். என்ன ஆனது என்று சொல்ல வேண்டுமா? டாக்டர்கள் விஷயத்தில் சங்கிலியை வாராவாரம் இழுத்தார்கள். நர்ஸ், அலுவலகப் பணியாளர் பக்கம் வரம்பு ஓரளவு நின்றது, மருத்துவர் பக்கம் அதை நிறுத்திவைக்கப் பெரும்பாடு பட்டார்கள். காரணம் அந்த நாற்காலிதான். வார்டில் ஒரு நர்ஸ் குறைந்தால், மனசாட்சி உறுத்தினாலும், இருப்பவர்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். ராத்திரி ரெஜிஸ்ட்ரார் ஒருவர்தான், அவரைப் பாதியாகக் குறைக்க முடியாது.

2016 இறுதியில் இன்னொரு விதி வந்தது. மணிக்கு 120 பவுண்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் மருத்துவமனையின் தலைமை நிர்வாகியே கையெழுத்துப் போட வேண்டும். இது எனக்குப் பிடித்த விதி. பணத்தை யாரோ கீழே செலவழிக்கிறார்கள், பதில் சொல்ல வேண்டியவர் வேறு யாரோ என்ற நிலைமையை இது கொஞ்சம் மாற்றியது. கையெழுத்துக்குக் காகிதம் மேசைக்கு வரும்போதுதான் ஒரே துறைக்கு ஒரே டாக்டரின் பெயர் எட்டு மாதமாக வந்துகொண்டிருப்பது கண்ணில் படும்.

2017 ஏப்ரலில் வரி விதி மாறியது. அதுவரை பல லோக்கம்கள் சொந்தமாக ஒரு கம்பெனி வைத்துக்கொண்டு அதன் பெயரில் பில் போட்டு வரியைக் குறைத்துக்கொண்டார்கள். இவர் உண்மையில் ஊழியர்தானா, சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டுமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு இனி மருத்துவமனைக்கே என்றார்கள். வரிக்குப் போகும் தொகையைச் சிலர் மணிக்கூலியில் ஏற்றிக் கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சில இடங்களில் கிடைத்தது.

எல்லாம் சேர்ந்து பலன் இல்லாமல் இல்லை. 2017-18-ல் ஏஜென்சி செலவு சுமார் 240 கோடிக்கு இறங்கியது. அப்புறம் கொரோனா, தேங்கிப்போன அறுவை சிகிச்சைகள், வேலைநிறுத்தங்கள். 2022-23-ல் மறுபடி 350 கோடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. 2024-25-ல் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 100 கோடி குறைந்தது. 2025-26-க்கு ஏஜென்சியில் 30 சதவீதம் குறைக்கவேண்டும், பேங்கிலும் குறைந்தது 10 சதவீதம் குறைக்கவேண்டும் என்பது உத்தரவு.

அந்தக் கடைசி வரியில் பேங்க் ஏன் வந்தது என்று கேட்டால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ஏஜென்சியை அமுக்கினால் செலவின் ஒரு பகுதி பேங்க் பக்கம் வீங்கும். அதே டாக்டர், அதே ஷிப்ட், வேறு கதவு. விலை குறைவுதான், ஆனால் ஓட்டை அடைபடவில்லை. ஏஜென்சி செலவு குறைந்தது என்று ஓர் அறிக்கை வந்தால் பேங்க் செலவு என்ன ஆயிற்று என்று பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பக்கத்து வீட்டுக்காரர் பிரச்சினை

உச்சவரம்பு ஏன் திரும்பத் திரும்ப உடைகிறது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. முப்பது மைல் இடைவெளியில் இரண்டு மருத்துவமனைகள். இரண்டுக்கும் இன்று ராத்திரி ரெஜிஸ்ட்ரார் இல்லை. வரத் தயாராக இருப்பவர் ஒருவர். இரண்டுமே 70 பவுண்டுக்கு மேல் தரமாட்டோம் என்று நின்றால் அவர் 70-க்கு வருவார். ஒன்று மட்டும் 85 என்றால் அங்கே போய்விடுவார். எமர்ஜென்சி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நிற்கும்போது எந்த நிர்வாகி 70-ல் பிடிவாதமாக நிற்பார்? இரண்டும் அரசு மருத்துவமனைகள், இரண்டுக்கும் பணம் ஒரே கஜானாவிலிருந்து. ஒன்றுக்கொன்று ஏலம் விட்டுக்கொள்கின்றன. அதனால்தான் ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே கூலி அட்டவணை, ஒரே பேங்க் என்று வைத்துக்கொள்ள முயல்கின்றன. எல்லாரும் வாக்கைக் காப்பாற்றும்வரை அது நன்றாக நடக்கும்.

மறுபக்கத்தில் டாக்டர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். மருத்துவர்களின் தொழிற்சங்கமான பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன், ஒப்பந்தத்துக்கு மேற்பட்ட வேலைக்குக் கன்சல்டன்ட்கள் என்ன கேட்கவேண்டும் என்று ஒரு கட்டண அட்டையே வெளியிட்டது. நள்ளிரவு வேலைக்கு அதிலிருந்த தொகை 2023-ல் மணிக்கு 250 பவுண்டைத் தாண்டியது. 2023 மார்ச்சில் ஜூனியர் டாக்டர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவர்கள் இடத்தை நிரப்பியவர்கள் கன்சல்டன்ட்கள். அந்த அட்டை எப்படி வேலை செய்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஏன் லோக்கமாகவே இருக்கிறார்கள்

பணம் மட்டும் என்று சொல்லிவிடுவது சுலபம். பணமும்தான். 2008-க்குப் பிறகு சம்பளம் விலைவாசிக்கு ஈடு கொடுக்கவில்லை என்பதுதான் அந்த வேலைநிறுத்தங்களின் மையமே. ஆனால் இளம் டாக்டர்களோடு பேசினால் அதைவிட அதிகம் கேட்பது ரோட்டாவைப் பற்றி. தன் கல்யாணத்துக்கு விடுப்பு கிடைக்காமல் அலைந்தவர்கள், பிரிஸ்டலில் கணவர், நியூகாஸிலில் மனைவி என்று பயிற்சியில் பிரித்துப் போடப்பட்டவர்கள். லோக்கம் என்றால் எந்த வாரம் வேலை, எந்த வாரம் ஓய்வு என்பது தன் கையில்.

படிப்பு முடித்து இரண்டு வருட அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு நேராக அடுத்த பயிற்சிக்குப் போனவர்கள் 2010-ல் ஐந்தில் நாலு பேருக்கு மேல். 2019-ல் அது மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. நடுவில் ஒன்றிரண்டு வருடம் எடுத்துக்கொள்வது ஒரு வழக்கமாகவே மாறி, மூன்றாம் வருடம் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. அந்த வருடத்தில் பலருக்குச் சோறு போட்டது லோக்கம் ஷிப்ட்.

தமிழர்களுக்கு இங்கே நேரடித் தொடர்பு உண்டு. சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் படித்துவிட்டு, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு அங்கே வைக்கும் பிளாப் தேர்வை எழுதிப் போன டாக்டர்கள் இல்லாத மருத்துவமனையை இங்கிலாந்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஏஜென்சி லோக்கம் என்ற சௌகரியம் விசாவில் இருப்பவருக்கு அவ்வளவு எளிதில் இல்லை. விசா அவரை வேலை கொடுத்த மருத்துவமனையோடு கட்டிப்போடுகிறது, வெளியே கூடுதல் வேலைக்கு மணிக்கணக்கு வரம்பு. ஆகவே நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் இரண்டு கதவுக்குப் பின்னால்தான் இருப்பார்கள்: வாட்ஸ்அப் குழுவில் கடைசியில் சரி, வருகிறேன் என்று போடுபவர்கள்.

அந்நியர் ஒருவர் ராத்திரியில்

செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒன்று விடுபடும். 2008 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ்ஷையரில், மருத்துவமனைக்கு வெளியே வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் வார இறுதிச் சேவையில் ஒரு டாக்டர் வேலைக்கு வந்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவர், பிரிட்டனில் அதுதான் அவருடைய முதல் ஷிப்ட். சிறுநீரகக் கல் வலியால் துடித்த எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு டயாமார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுக்கவேண்டிய அளவைப்போல் பத்து மடங்கு போட்டார். நோயாளி இறந்துபோனார். ஜெர்மனியில் தான் பயன்படுத்தாத மருந்து அது என்பது பின்னால் தெரிந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் டாக்டர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் அதிகாரம் மருத்துவக் கவுன்சிலுக்கு 2014-ல் கிடைத்ததற்குப் பின்னணியில் இருந்த சம்பவங்களில் இது முக்கியமானது.

லோக்கம் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. பத்து மருத்துவமனைகளைப் பார்த்த நல்ல லோக்கம் ஒருவர் வந்தால் வார்டு நிம்மதியாக மூச்சுவிடும். ஆனால் எல்லாரும் வேண்டாமென்று ஒதுக்கிய ஷிப்ட், தெரியாத கட்டடம், தெரியாத ஆட்கள், அரை மணி நேர அறிமுகம்கூட இல்லை என்ற நிலையில் யாரை நிறுத்தினாலும் தடுமாறுவார். அந்த அரை மணி நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டும் என்பதால் அதை மிச்சம் பிடிக்கும் இடங்கள் உண்டு. நூறு பவுண்டு கொடுத்து ஆளை வாங்கிவிட்டு ஐம்பது பவுண்டுக்கு அறிமுகத்தை வெட்டுவது என்ன கணக்கோ.

சமீபத்திய திருப்பம்

பத்து வருடங்களாகக் கேட்டது ஆள் இல்லை, ஆள் இல்லை என்று. இப்போது லோக்கம் ஷிப்ட் கிடைக்கவில்லை என்று இளம் டாக்டர்கள் சொல்கிறார்கள். 2025-ல் சிறப்புப் பயிற்சிக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், ஓர் இடத்துக்கு இரண்டு பேருக்கு மேல் போட்டி. அதேசமயம் பல ஊர்களில் கன்சல்டன்ட் பதவிகள் காலியாகவே கிடக்கின்றன.

இது முரண்பாடு போலத் தெரியும், ஆனால் குழாயை நினைத்துப் பாருங்கள். மேலே மருத்துவக் கல்லூரி இடங்களைக் கூட்டினார்கள். 2031-32-க்குள் வருடத்துக்கு 15,000 என்று இரண்டு மடங்காக்குவோம் என்றது 2023-ன் நீண்டகாலத் திட்டம். வெளிநாட்டிலிருந்தும் ஏராளமானவர்கள் வந்தார்கள். நடுவில் சிறப்புப் பயிற்சி இடங்கள் அதே வேகத்தில் கூடவில்லை. அந்த இடத்தில் நெரிசல். அதைத் தாண்டி வருகிறவர்கள் குறைவாக இருப்பதால் கீழே கன்சல்டன்ட் பக்கம் வறட்சி. முதல் வருட டாக்டர்கள் இரண்டு பேரைச் சேர்த்து ஒரு ரெஜிஸ்ட்ராராக்க முடியாது. ஒரு ரெஜிஸ்ட்ரார் உருவாக வருடக்கணக்கில் ஆகும், கன்சல்டன்ட் ஆக இன்னும் அதிகம். ஆகவே இளம் டாக்டர்களின் மட்டத்தில் லோக்கம் கூலி சரிந்துகொண்டிருக்கும்போதே கன்சல்டன்ட் மட்டத்தில் ஏஜென்சிக்காரர் இன்னும் தான் சொன்னதே விலை என்று உட்கார்ந்திருக்கிறார்.

ஏஜென்சியே இல்லாமல் செய்துவிடுவோம் என்று 2025 ஜூலையில் வந்த பத்தாண்டுத் திட்டம் சொல்கிறது, இந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிவதற்குள். நடக்கலாம். அந்த வெற்றியை அளக்க நான் பார்ப்பது ஏஜென்சி செலவு என்ற எண்ணை அல்ல. முன்கூட்டியே தெரிந்த காலியிடங்கள் எத்தனை, அவற்றுக்கு எத்தனை மாதம் முன்னால் ஆள் தேடினார்கள் என்பதைத்தான். நாலு மணிக்குத் தெரிந்த வாந்தி பேதிக்கு யாரையும் குறைசொல்ல முடியாது. நாலு மாதம் முன்பே தெரிந்த பிரசவ விடுப்புக்கு நாலு மணிக்கு ஆள் தேடுவதற்குத்தான் நூறு பவுண்டு.

நம் ரோட்டா அலுவலருக்கு மாலை ஆறே முக்காலுக்கு ஒரு பதில் வந்தது. அதே மருத்துவமனையின் இன்னொரு ரெஜிஸ்ட்ரார், பேங்க் கூலியில். அவர் மேசையில் அதற்கடியில் இருந்தது ஆகஸ்ட் முதல் புதன்கிழமையிலிருந்து தொடங்கும் புதிய அட்டவணை. எட்டு வரிகள். ஆறில் பெயர்கள், இரண்டில் மட்டும் லோக்கம், லோக்கம் என்று இப்போதே டைப் செய்யப்பட்டிருந்தது.